பாக்கெட்டில் அறக்கட்டளை பெயர் போடலாமா? – பதில்

முந்திரி விற்ற லாபத்தில் ஒரு பங்கை மழைக்காட்டு விலங்குகளைக் காக்கும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்கப்போகிறீர்கள், அதன் பெயரைப் பாக்கெட்டில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை அந்த அறக்கட்டளையின் பெயரையோ முத்திரையையோ முந்திரி பாக்கெட்டில் அச்சடிக்காதீர்கள். பண்ருட்டி முந்திரி சீசன் நெருங்குகிறது என்ற அவசரம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம்.

அறக்கட்டளைக்கு இரண்டு முறை மெயில் போட்டும் பதில் இல்லை என்கிறீர்கள். "லாபத்தில் ஒரு பங்கு மழைக்காட்டு விலங்குகளுக்கு" என்று எழுதியதுதான் காரணமாக இருக்கும். உங்கள் லாபம் எவ்வளவு என்று அவர்கள் எப்படிச் சரிபார்ப்பது? பாக்கெட்டுக்கு 2 ரூபாய், ஆறு மாதம், குறைந்தபட்சம் இவ்வளவு என்று திருத்தி அனுப்பிப் பாருங்கள்.

அந்தப் பணம் எந்த வேலைக்கு என்பதையும் கேளுங்கள். உதாரணத்துக்கு, வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். அழிந்த இடங்களில் அந்தக் காட்டு மரங்களையே திரும்ப நடுகிறார்கள். "குரங்குப் பாலத்துக்கு" என்றால் கடலூரில் வாங்குகிறவருக்கும் சட்டென்று விளங்கும்.

நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரிச் சலுகையை (80ஜி) நம்பிக் கணக்குப் போடுகிறீர்களா? ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது கிடையாது. புதிய வரிமுறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. பதிலுக்கு அவர்கள் உங்கள் கடையை விளம்பரப்படுத்துவதாக இருந்தால் அதற்கு ஜிஎஸ்டி வருமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.