கையெழுத்துக்கு முன்னால் தீர்மான நோட்டு

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மொத்தம் 33 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கி இருக்கிறார்கள். நான் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், பத்தாவது வரை படித்திருக்கிறேன். இரண்டாவது டீச்சரை வாரத்தில் மூன்று நாள் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வகுப்பறைக்கு மேலே மேட்டில் பெரிய கற்பூர மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. ஹெச்.எம். சாரிடம் கேட்டால் ‘நிதி இல்லை, மேலேதான் கேட்கணும்’ என்கிறார். ஊரில் எல்லாரும் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். மாதாமாதம் நோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

பதில்: அம்மா, போன மாதம் அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருக்கிறதா? பெரும்பாலும் ‘மாணவர் சேர்க்கை குறித்து விவாதிக்கப்பட்டது, பள்ளி வளர்ச்சி குறித்து விவாதிக்கப்பட்டது’ என்றுதான் இருக்கும். நானே அப்படி எழுதியவன்தான். இந்த மலையில் தொடக்கப்பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். ‘விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினால் யாருக்கும் ஒரு வேலையும் வராது. எழுதுகிறவருக்கும் நிம்மதி, வாங்கி வைக்கிறவருக்கும் நிம்மதி.

உங்கள் குழுவால் ஒரு டீச்சரைப் போடவோ மாற்றவோ முடியாது, அரசு கஜானாவைத் திறக்கவும் முடியாது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில், மூன்று வேலைகளை உங்களிடம் கொடுத்திருக்கிறது: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். 2024-இல் தமிழ்நாட்டில் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். ஆகவே நீங்கள் ஹெச்.எம். சாருக்கு ஒத்தாசைக்கு வந்தவர் இல்லை, சட்டப்படி உட்கார்ந்திருக்கிறவர். (உதவி பெறும் மிஷன் பள்ளிகளில் இதே குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். உங்கள் பள்ளி அந்த வகை இல்லை.)

முதலில் பணம். ‘நிதி இல்லை’ என்பதை அப்படியே ஏற்கவும் வேண்டாம், பொய் என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம். ஒரே பள்ளிக்கூடத்துக்குள் நாலைந்து துறைகளின் பணம் ஓடுகிறது. சம்பளம் கல்வித்துறை வழியாக நேரே ஆசிரியர் கணக்குக்குப் போகிறது. மதியச் சத்துணவு சமூக நலத்துறையின் பொறுப்பு. காலை உணவை மகளிர் சுய உதவிக் குழுக்காரர்கள் சமைக்கிறார்கள். கட்டடமும் சுற்றுச்சுவரும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தைச் சேர்ந்தவை. அதனால் ஓடு உடைந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும், கல்வி அலுவலரிடம் எழுதினால் அந்தக் கடிதம் அங்கேயே படுத்துக் கிடக்கும். இவ்வளவும் போக, உங்கள் குழு கணக்குக் கேட்க வேண்டியது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருகிற பள்ளி மானியம்.

அந்த மானியம் தலைக்கணக்கில் வருவது. 30 பிள்ளைகள் வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். உங்கள் பள்ளியில் 33 பேர். மூன்று பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டால் 25,000 போய் 10,000 வந்து நிற்கும். கீழே நகரத்துப் பள்ளியில் மூன்று பேர் போனால் யாருக்கும் தெரியாது. மலையில் மூன்று பேர் என்றால் ஒரு வருஷத்துக் குழாய், கதவு, கரும்பலகை எல்லாம் போன மாதிரி.

இந்த இடத்தில் குழுவால் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் எஸ்டேட் லயனில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஜார்க்கண்டிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்த குடும்பங்கள் இருக்கின்றனவா? இப்போது பல எஸ்டேட்டுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறப்புச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்கிறது. ஹெச்.எம். சாரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லயனில் ஒரு சுற்று வாருங்கள். தமிழ் தெரியாத பிள்ளை மூன்று மாதத்தில் உங்கள் மகளோடு சண்டை போடும் அளவுக்குப் பேசிவிடும். பள்ளிக்கூடம் வராமல் ஒரு பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் முதல் காரணம். மானியம் இறங்காமல் நிற்பது அதோடு சேர்ந்து வருவது.

சரி, பணம் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘இந்த ஆண்டு நம் பள்ளிக்கு எவ்வளவு செலவு வரம்பு ஒதுக்கியிருக்கிறார்கள், எந்தத் தேதியில், இதுவரை எவ்வளவு செலவு?’ என்று கூட்டத்தில் கேளுங்கள். இப்போது பணம் பள்ளிக் கணக்கில் வந்து தங்குவதில்லை. வரம்பு மட்டும் கொடுப்பார்கள், நிதியாண்டு முடிவதற்குள் செலவு செய்யாவிட்டால் அது போய்விடும். சில வருஷம் நிஜமாகவே வராது, தாமதமாகும். 2024-25-இல் இந்தத் திட்டத்துக்கான ஒன்றிய அரசின் பங்கு 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது செய்தித்தாளில் வந்த சங்கதிதான். அப்படி நின்றிருந்தால் ‘ஒதுக்கீடு வரவில்லை’ என்று தேதியோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வந்திருந்தால் பில்லைப் பாருங்கள். பில்லைக் கேட்பது சந்தேகப்படுவது இல்லை, அது உங்கள் வேலை.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வருஷம் மார்ச் மாதக் கடைசியில் பணம் வந்தது. திட்டம் எதுவும் எழுதி வைக்காததால், கையில் கிடைத்த கடையில் பெயின்ட் வாங்கி அடித்து முடித்தோம். கழிப்பறைக்குத் தண்ணீர் வரும் குழாய் உடைந்தது உடைந்தபடியே இருந்தது. சுவர் பளபளவென்று இருந்தது, பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒதுங்கினார்கள். அதனால் என்னென்ன வேண்டும் என்பதை முன்னுரிமைப்படி ஜூலையிலேயே எழுதி வையுங்கள், எப்போது பணம் வந்தாலும் முதல் வரியிலிருந்து தொடங்கலாம். மழைக்கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை. வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுவது எல்லாம் தை பிறந்த பிறகு. பந்தலூர், தேவாலா பக்கம் ஆனி ஆடியில் ஊற்றும், அவர்கள் கணக்கு வேறு.

அடுத்து டீச்சர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 ஆனால் மூன்று. ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். உங்கள் பள்ளிக்கு இரண்டு பணியிடம் இருக்கிறது, காகிதத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அதனால் ‘காலியிடம்’ என்று எழுதினால் ‘காலியிடம் இல்லை’ என்று பதில் வரும். உங்கள் பிரச்சினையின் பெயர் மாற்றுப்பணி. பக்கத்துப் பள்ளியில் ஒருவர் பேறுகால விடுப்பில் போயிருப்பார், அங்கே ஆள் இல்லாமல் இங்கிருந்து அனுப்பியிருப்பார்கள். அனுப்பியவரைத் திட்டுவதில் பயனில்லை, அவரிடமும் ஆள் இல்லை.

அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். யார் போட்டது, எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். வாய்மொழியாக மட்டும் அனுப்பியிருந்தால் அதையே தீர்மானத்தில் எழுதலாம். ‘எங்கள் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘இந்தத் தேதி முதல் இடைநிலை ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள் மாற்றுப்பணியில் உள்ளார். அந்த நாட்களில் ஐந்து வகுப்புகளையும் 33 மாணவர்களையும் தலைமையாசிரியர் ஒருவரே கவனிக்கிறார். இந்த மாதம் அலுவலகக் கூட்டத்துக்கு அவர் சென்ற நாளில் பள்ளியில் ஆசிரியர் இல்லை. சட்ட அட்டவணைப்படி இரண்டு ஆசிரியர்களும் முழு நாளும் இருக்க வேண்டியதால், மாற்றுப்பணியை ரத்து செய்யுமாறு வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது.’ எந்தெந்த நாள் என்று ஒரு தாளில் குறித்து இணைத்துவிடுங்கள். இதில் ஹெச்.எம். சார் உங்களுக்கு எதிர்க்கட்சி இல்லை. அஞ்சு வகுப்பையும் ஒரே ஆளாக மேய்க்கிறவர் அவர்தான். அவரால் மேலே எழுத முடியாததைக் குழு எழுதினால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார்.

‘நாமே ஒரு பொண்ணைப் போட்டுக்கொள்ளலாமே’ என்று யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் போட்டது உண்மை. மாநிலம் முழுக்க 13,331 பணியிடம், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 என்று அறிவித்து, பிறகு 12,000 ஆக்கினார்கள். ஆனால் அது அரசு ஆணை போட்டு, அரசு பணத்தில், காலியிடத்துக்கு மட்டும் செய்தது. தகுதித் தேர்வு பற்றி வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆணை இல்லாமல் நீங்களாகப் போட்டால் சம்பளத்துக்கு ஊரில் வசூல் செய்ய வேண்டியிருக்கும், இரண்டாம் மாதமே வசூல் நின்றுவிடும், அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளிடம் கட்டாயமாகப் பணம் வாங்குவதும் கூடாது. யாராவது மனமுவந்து கொடுத்தால் ரசீது போட்டு, நோட்டில் ஏற்றி வாங்குங்கள்.

இப்போது மரம். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு அவசரம். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமெல்லாம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நீங்களாக ஆள் வைத்து வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அனுமதி கொடுப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு. நல்லது செய்யப் போய் வழக்கு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேளுங்கள். எஸ்டேட் நிலம் என்றால் விண்ணப்பிக்க வேண்டியவர் எஸ்டேட் நிர்வாகம், தீர்மான நகலை மேனேஜருக்குக் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். வருவாய் நிலம் என்றால் வட்டாட்சியர். வனத்துறை நிலம் என்றால் ரேஞ்சர் அலுவலகம். எதுவாக இருந்தாலும் குன்னூர் கோட்டாட்சியருக்கு ஒரு நகல் போகட்டும், மழைக்கு முன் ஆபத்தான மரங்களை அகற்ற உத்தரவு போடுகிற இடம் அது. ‘மரம் சாய்ந்துள்ளது’ என்று மட்டும் எழுதாமல், வகுப்பறைச் சுவரிலிருந்து எத்தனை அடி தூரம், அடியில் மண் அரித்திருக்கிறதா, அந்த அறையில் எத்தனை பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று எழுதி, போட்டோ இணையுங்கள். மேட்டை வெட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது ஜேசிபி கொண்டுவரச் சொன்னால், அதற்கும் தனி அனுமதி வேண்டும்.

அனுமதி வரும்வரை? அந்த அறையில் வகுப்பு வேண்டாம். இதற்கு யார் உத்தரவும் தேவையில்லை. 33 பிள்ளைகளும் ஒரே அறையில் நெருக்கி உட்காரலாம், நெரிசல்தான், பரவாயில்லை.

வேறு பெற்றோர் காட்டு மாடு, கரடி என்று பேச்செடுப்பார்கள். எண்ணெய் வாசனைக்குச் சத்துணவு அறைக் கதவைக் கரடி பெயர்ப்பது நம் பக்கம் புதிதில்லை, எண்ணெயை இரவில் அங்கே வைக்காமல் இருந்தாலே பாதி தீர்ந்துவிடும். ஒதுக்குப்புறமான குடியிருப்பிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளுக்கு வண்டியோ துணைக்கு ஓர் ஆளோ ஏற்பாடு செய்ய, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை கொடுக்க ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயர், ஊர், தூரம் எழுதி வட்டார வள மையத்துக்கு அனுப்புங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குழுவுக்குள் கொண்டுவரவே வேண்டாம். பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்ததாகத் தெரிந்தால், கூட்டம் போட்டுச் சமரசம் பேசக் கூடாது. உடனே 1098, அல்லது காவல் நிலையம். மூடி மறைப்பதே குற்றம்.

தீர்மானம் போட்டும் பதில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அப்புறம் மாவட்டக் கல்வி அலுவலர், அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர் என்று படிப்படியாகப் போங்கள். திங்கட்கிழமை ஊட்டியில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவுக்கு எண் கொடுப்பார்கள், அதை நோட்டில் எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஊருக்குள் கிராம சபை கூடினால் அங்கேயும் அதே தீர்மானத்தை வையுங்கள்.

கடைசியாக நேரம். குழுக் கூட்டம் வழக்கமாக மாதத்தின் கடைசி வெள்ளி பிற்பகலில். கொழுந்து நிறுக்கிற நேரமும் அதுதான், பாதிப் பேர் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள். முந்தைய ஞாயிறு லயனிலேயே பத்துப் பேர் உட்கார்ந்து இரண்டு தீர்மானங்களை மட்டும் பேசி எழுதிவிடுங்கள். வெள்ளியன்று படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க அரை மணி போதும். பள்ளிக் கல்வித்துறையின் பெற்றோர் செயலியில் (போன் ஆப்) அதைப் பதிவேற்றினார்களா என்று பார்த்துவிட்டு, நோட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசித் தீர்மானத்துக்குக் கீழே காலியாக இருக்கிற வரிகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுங்கள்.