பென்சில் பெட்டிக்குள் 14 மாத்திரைகள்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஏழு மாதங்களுக்கு முன்பு, வகுப்பில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். காதில் யாரோ திட்டுகிறார்கள் என்றான். ராத்திரி தூக்கமே இல்லை. டாக்டர் 'சைக்கோசிஸ்' (நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாத நிலை) என்று சொல்லி ஓலான்சபைன் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் குரல்கள் அடங்கின. ஆனால் உடம்பு 11 கிலோ ஏறிவிட்டது. போன வாரம் அவன் பென்சில் பெட்டியில், காகிதத்தில் சுற்றிய 14 மாத்திரைகளைப் பார்த்தேன். சாப்பாட்டில் பொடித்துக் கலந்து கொடுத்துவிடலாமா? இது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்தானா? ஆயுசு முழுக்க மாத்திரையா? – ஒரு தாய்

பதில்: கலந்து கொடுக்காதீர்கள் அம்மா. சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த நோயில் அடிக்கடி வருவது. ஒருநாள் அவன் கண்டுபிடித்தால், அந்தச் சந்தேகத்தை நீங்களே மெய்யாக்கியது போலாகிவிடும்.

முதலில் அந்த 14 மாத்திரைகளையும் வாங்கி உங்கள் பொறுப்பில் வையுங்கள். நோயின் தொடக்க வருடங்களில் தற்கொலை ஆபத்து அதிகம். 'சாகணும்னு எப்பவாவது தோணுதா?' என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

பிறகு, ஏன் போடவில்லை என்று திட்டாமல் கேளுங்கள். 17 வயதில் 11 கிலோ ஏறுவது சின்ன விஷயமா? பேன்ட் இடுப்பில் ஏறாது, கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்வார்கள். எடை கூட்டுவதில் ஓலான்சபைன் முன்வரிசையில் நிற்கும் மருந்து. 'உயிரைவிட உடம்பு பெரிசா' என்று அதைத் தள்ளிவிடுவதை நான் ஏற்பதில்லை. டோஸைக் குறைக்கலாம், அரிபிப்ரசோல் போல எடை அதிகம் கூட்டாத மருந்துக்குப் படிப்படியாக மாறலாம், எடையைக் கட்டுப்படுத்த, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்க்கலாம். எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இந்த மருந்துகளில் சில, பையன்களுக்கு மார்பு வீக்கத்தையோ கால் ஒரு இடத்தில் நிற்காத தவிப்பையோ கொண்டுவரும். அம்மா பக்கத்தில் இருந்தால் வாய் திறக்க மாட்டான். பத்து நிமிஷம் அவனை டாக்டரோடு தனியாக விடுங்கள்.

மனச்சிதைவுதானா என்பதை முதல் தடவையிலேயே உறுதியாகச் சொல்வது கடினம். கஞ்சாவாலும் இப்படி வரும், அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயின் முகமாகவும் வரும். பெயருக்காகச் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. முழுதாகத் தேறிய பிறகும் ஒன்றிரண்டு வருடமாவது மருந்து தொடரும். அதன்பின் சிலருக்கு மெல்லக் குறைத்துப் பார்ப்போம், சிலருக்கு நீளும். பாதியில் சட்டென்று விடுவதுதான் நோயைத் திரும்பக் கூப்பிடும் பெரிய காரணம். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சில வாரங்கள் கொடுத்தும் பலன் இல்லாதவர்களுக்கு குளோசபைன் என்ற மருந்து இருக்கிறது; அதற்கு ரத்த அணுக்களைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பேச்சு சிகிச்சை பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலை. மாத்திரை குரலை அடக்கும். 'எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்' என்ற பயத்தோடு வகுப்புக்குள் கால் வைக்கக் கற்றுத்தராது. அதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று ஒன்று உண்டு, குறைந்தது 16 அமர்வுகள். சிகிச்சையாளர் 'அதெல்லாம் பிரமை' என்று வாதாட மாட்டார். நீ உள்ளே போனதும் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், எத்தனை நொடி பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வா என்பார். நாலு பேர், இரண்டு நொடி என்று அவனே எண்ணிக்கொண்டு வருவான். பயம் அங்கேதான் தளரத் தொடங்கும்.

குடும்பத்துக்கும் அமர்வுகள் உண்டு. சில மாதங்களில் குறைந்தது பத்து அமர்வுகள் தேவைப்படும். நோய் உங்கள் வளர்ப்பால் வந்ததல்ல, அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் குறை சொல்லும் பேச்சும் ஓயாத கண்காணிப்பும் நிறைந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது. 1960களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருவது இது. 'மாத்திரை போட்டியா?' என்பது மட்டுமே அன்றைய ஒரே பேச்சாக இருக்க வேண்டாம். தினம் விழுங்குவதே தொல்லை என்று அவன் சொன்னால், மாதம் ஒருமுறை போடும் ஊசி அவன் வயதுக்குச் சரிவருமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இந்த வாரமே அவனையும் கூட்டிக்கொண்டு போய், மாத்திரை விட்டதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குள் தூக்கம் குறைந்தாலோ, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள்.