2147483647 தற்செயலா?

வணக்கம். கூட்டல், கழித்தல் குறியோடு 32 பிட்டில் சேமிக்கக்கூடிய மிகப்பெரிய முழு எண் 2147483647 என்று நிரல் எழுதும் எவருக்கும் தெரியும். அது ஒரு பகா எண் என்பதை இப்போதுதான் படித்தேன். இது தற்செயலா? இன்னொன்று, கணித மேதை ஆய்லர் இதை 1772-லேயே கண்டுபிடித்துவிட்டாராமே. உட்கார்ந்து ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தாரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி தற்செயல். 32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. அதனால் உச்சம், 2-இன் 31ஆம் அடுக்கிலிருந்து 1 குறைவு. இந்த வடிவத்தில் வரும் எண் பகா எண்ணாக வேண்டுமென்றால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். 16 பிட்டில் அடுக்கு 15, அதாவது 3 × 5. உடனே 32767-ஐ 7-உம் 31-உம் வகுத்துவிடுகின்றன. 64 பிட்டில் அடுக்கு 63, அங்கும் அதே கதி. 8 பிட்டின் 127 தப்பிக்கிறது. 128 பிட்டில் வரும் 39 இலக்க எண்ணும் தப்பிக்கிறது. அது பகா எண் என்று 1876-இல் காட்டியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகா. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. அடுக்கு 11 என்றால் 2047 வரும், அது 23 × 89. 31 பிழைத்தது அதிர்ஷ்டம்தான்.

சரி, ஆய்லருக்கு வருவோம். ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே அதை வகுக்கும் பகா எண் ஒன்று இருக்கும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை 4,700-க்கு மேல் பகா எண்கள் உண்டு, அவருக்கோ அப்போது ஏறக்குறையப் பார்வையே இல்லை. அத்தனையாலும் வகுக்கத் தேவையில்லை என்பதுதான் விஷயம்.

இன்றைய மொழியில் சொல்கிறேன். ‘ப’ என்ற பகா எண் இதை வகுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2-இன் 31ஆம் அடுக்கை ப-வால் வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால் அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. அதன் பிறகும் 31-இன் மடங்கான அடுக்குகளில் மட்டுமே மீதி 1 வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, ப-வுக்கு ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே ப-வில் 1 கழித்தால் 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கு.

அப்புறம் இன்னொரு சல்லடை, எனக்கு மிகவும் பிடித்தது. 2-இன் 32ஆம் அடுக்கை ப-வால் வகுத்தால் மீதி 2. அந்த அடுக்கு 65536-இன் வர்க்கம். அதாவது ப-வின் மீதிகளுக்குள் 2 ஒரு வர்க்கமாகிவிடுகிறது. ப-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும்போது மட்டுமே அது நடக்கும்.

இரண்டையும் சேர்த்தால், 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்கள் மட்டுமே மிஞ்சும். சக கணிதவியலாளர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் சொல்வதும் இந்த இரண்டு வடிவங்களைத்தான். 46340-க்குள் அப்படி 373 எண்களே உண்டு, அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள். முதலில் வரும் 63-ஐப் பார்த்தவுடன் தள்ளிவிடலாம். அடுத்த 249, 3-ஆல் வகுபடும். உண்மையில் வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண் 311. மீதி 35 வருகிறது. அடுத்ததை நீங்கள் போட்டுப் பாருங்கள்.