ஐம்பது தடவை எழுதினாலும் ‘கேழி’

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. தமிழ் வழியில் நான்காம் வகுப்பு. அப்பாவோடு காசிமேடு மீன் ஏலத்துக்குப் போனால் வாய்க்கணக்கில் பெரியவர்களையே முந்திவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் ஒரு பத்தி தாண்ட அரை மணி நேரம். ‘கோழி’ என்று சொன்னால் ‘கேழி’ என்று எழுதுகிறான். டியூஷன் மிஸ் ஒவ்வொரு தப்புக்கும் ஐம்பது தடவை எழுதச் சொல்கிறார். கேரம் போர்டைப் பரண்மேல் போட்டுவிட்டேன். இப்போது ஒருவர் ‘கல்வித் தெரபி, மூன்றே மாதத்தில் குணம்’ என்று முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கட்டாதீர்கள். தெரபியே வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்கள் பிள்ளைக்கு அது தேவைப்படலாம். எனக்கு இடிக்கிறது அந்தக் ‘குணம்’தான். வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு காய்ச்சல் மாதிரி வந்து போகிற விஷயம் இல்லை. எழுத்தையும் ஒலியையும் மூளை சேர்த்துக்கொள்கிற விதமே வேறு. அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏலத்தில் நீங்களே பார்த்துவிட்டீர்கள். முறையான பயிற்சியில் வாசிப்பு தேறும், ஆனால் வருடக்கணக்கில்கூட ஆகும்.

அந்தக் ‘கேழி’க்கு வருவோம். ‘கோ’ என்று சொல்லும்போது முதலில் ‘க்’, பிறகு ‘ஓ’. எழுதும்போதோ இரட்டைக் கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். ஒரே ஒலிக்கு இரண்டு பக்கமும் குறி! பல பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு உடைத்துக் காட்ட வேண்டும். உங்கள் மகன் கொம்பைப் போட்டுவிட்டுக் காலை விட்டுவிடுகிறான். அதைக் காட்டாமல் ஐம்பது தடவை எழுதச் சொன்னால் ஐம்பது ‘கேழி’தான் கிடைக்கும்.

நல்ல பயிற்றுநர் வேறு மாதிரி செய்வார். முதலில் காதுக்கு: கோழி, கோலம், கோணி என்று சொல்ல வைத்து முதல் ஒலியைப் பிரிப்பார். அப்புறம் தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே ‘இரட்டைக் கொம்பு, க, கால், கோ’ என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பார். அன்றைக்கு அந்த ஒரு குறி மட்டும். கண், காது, கை மூன்றையும் ஒன்றாக வேலை வாங்கும் இந்த முறையை 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்காம் இருவரும் வகுத்தார்கள் என்பார்கள். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் மணலில் விரல் வைத்து, சொல்லிக்கொண்டேதான் எழுதினார்கள்.

ஒன்று மட்டும்: ழ, ள, ல குழப்பத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் பக்கத்தில் பழத்தை ‘பயம்’ என்கிறோம். காதில் விழாத எழுத்து கையில் எப்படி வரும்?

முதலில் கண்ணும் காதும் சரியா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள். அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம். உளவியல் சோதனைக்காக என்று சொல்லிவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதும் ஒன்று, டிஸ்லெக்சியா அதில்தான் வரும். எட்டு வயது முடிந்தால் சான்றிதழுக்குச் சோதிக்கலாம். 14, 18 வயதில் மறுபடி பார்ப்பார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எப்போது வருவார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தியாகராய நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, 1991இல் தொடங்கியது. தூரம்தான், ஆனாலும் விசாரிக்கலாம். தனியாரிடம் போனால், சிறப்புப் பயிற்றுநர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (RCI) பதிவு எண்ணைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். முன்பணம் கேட்டவரிடமும் அதையே கேட்டுப் பாருங்களேன்.

கேரம் போர்டை இன்றைக்கே பரணிலிருந்து இறக்குங்கள். பழைய டிக்டேஷன் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது தப்பெல்லாம் அப்படியே இருக்கிற நோட்டையே கொண்டு போங்கள், மிஸ் திருத்தி எழுத வைத்ததை அல்ல.