செம்பனைக்கு நடுவில் 5ஜி ரௌட்டர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட வீட்டில் புது 5ஜி ரௌட்டர் வாங்கியும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, வேறு மாடல் மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள் சகோ. 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை செம்பனை ஓலையைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துவிடும், தகரக் கூரை வேறு. டிவி பக்கத்திலிருந்து எடுத்து, கோபுரம் இருக்கும் திசை ஜன்னலில் உயரமாக வையுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் ஆர்எஸ்ஆர்பி, அதாவது கோபுர சிக்னலின் பலம் எவ்வளவு என்று பாருங்கள்: மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 110 என்றால் கஷ்டம். முன்னால் எரியும் கோடுகளை நம்ப வேண்டாம், அது வெறும் தோராயம். அப்படியும் தேறாவிட்டால், ரௌட்டர் அனுமதித்தால் 4ஜியின் 900 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் பிடிக்கும்படி பூட்டிப் பாருங்கள். வேகம் குறைவு, ஆனால் தூரம் தாங்கும். ராத்திரியில் மட்டும் மந்தம் என்றால் பெரும்பாலும் கோபுரத்தில் நெரிசல். அப்படியென்றால் எந்த மாடல் வாங்கினாலும் காசு தண்டம்.