உள்ளங்கை வியர்வைக்குப் போடாக்ஸ் ஊசி போடலாமா?

கேள்வி: வடசேரியில் கோயில் நகைகளுக்குக் கல் பதிக்கும் வேலை செய்கிறேன், வயது 27. பள்ளிப் பருவத்திலிருந்தே இரு அக்குள்களும் உள்ளங்கைகளும் ஓயாமல் வியர்க்கின்றன. போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அக்குளுக்குப் போட்டுக்கொள்ளலாம், உள்ளங்கைக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. குமரி மாவட்டத்துப் புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்க்கத்தான் செய்யும் என்று சொல்லி உங்கள் சிரமத்தை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. இளவயதில் தொடங்கி, இரு பக்கமும் ஒன்றுபோல் வியர்த்து, உறக்கத்தில் அடங்கிவிடுவது மிகைவியர்வை நோயின் இயல்பு. மாறாக, இரவில் உடல் முழுதும் வியர்த்தாலோ எடை குறைந்தாலோ படபடப்பு இருந்தாலோ தைராய்டு, சர்க்கரை, காசநோய்ப் பரிசோதனைகளை முதலில் செய்துகொள்ள வேண்டும்.

வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் நரம்பு முனையிலிருந்து வெளிவராமல் போடாக்ஸ் மருந்து தடுக்கிறது. சுரப்பி அழிவதில்லை, ஆகவே நரம்பு முனை மீண்டதும் வியர்வையும் திரும்பிவிடும். அக்குள் ஒன்றுக்கு 50 யூனிட் வீதம், 10 முதல் 15 இடங்களில், தோலுக்குள்ளேயே மெல்லிய ஊசியால் செலுத்துவார்கள். ஒரு வாரத்துக்குள் பலன் தெரியத் தொடங்கி, பெரும்பாலோருக்கு நான்கு மாதங்களுக்கு மேல், பலருக்கு ஆறேழு மாதங்கள் வரை நீடிக்கும். பிறகு மறுபடியும் போட வேண்டியிருப்பதால் செலவையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். வெளிப்பூச்சு மருந்துகளால் அடங்காத கடும் அக்குள் வியர்வைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. அடைக்கப்படுவது உடலின் மிகச் சிறிய பகுதியே என்பதால் உடல் சூடேறிவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

உள்ளங்கை அப்படியல்ல. அங்கே ஊசி கடுமையாக வலிக்கும் என்பதால் மணிக்கட்டில் நரம்பை மரத்துப்போகச் செய்தே பெரும்பாலும் போடுவார்கள். அதைவிட முக்கியமானது, தசைகளை இயக்குவதும் அதே அசிட்டைல்கோலின்தான். மருந்து பெருவிரல் அடித்தசைக்குக் கசிந்தால் விரல் பிடிப்புச் சில வாரங்கள் தளரக்கூடும். மற்றவருக்கு அது சிறு தொந்தரவு. சாமணத்தால் கல்லெடுத்துப் பதிக்கும் உங்களுக்கோ பிழைப்பு.

ஆகவே கைகளுக்கு முதலில் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலை, நன்றாக உலர்ந்த தோலில் இரவில் தடவி, காலையில் கழுவிப் பாருங்கள். அது போதாவிட்டால், நீரில் கைகளை வைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் அயன்டோபோரெசிஸ் சிகிச்சை உண்டு. தொடக்கத்தில் வாரம் மூன்று முறையும், பலன் கிடைத்தபின் இடைவெளி விட்டும் செய்யலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும்.

அக்குள் ஊசியைத் தோல் மருத்துவரிடமே போட்டுக்கொள்ளுங்கள். அழகு நிலையங்களில் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ, மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் இருந்தாலோ, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தாலோ ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.