மகள் தச்சுப் பட்டறைக்குப் போக ஆசைப்படுகிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உள்ளரங்க வடிவமைப்பு முடித்திருக்கிறார். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்காமல் இங்கே சிங்கப்பூரில், சுங்கை காடுட்டில் ஒரு சிறிய மரச்சாமான் பட்டறையில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொல்கிறார். "இதுக்கா இவ்வளவு படிக்க வைத்தோம்" என்று அவருடைய அப்பா கோபத்தில் இருக்கிறார். இதில் சம்பாதிக்க முடியுமா, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பா, மனம் மாறினால் திரும்ப வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். வழி உண்டு. வாங்கிய டிப்ளோமா எங்கும் போய்விடாது. நம் பையன்கள் தேசிய சேவை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகிறார்களே, அந்த வயதில் இவரும் போகலாம். வடிவமைப்புப் படிப்பென்றால், தன் கையால் செய்த நாற்காலியின் படம் விண்ணப்பத்துக்குப் பலம்தான்.

சம்பாத்தியத்துக்கு வருகிறேன். கார்ப்பெண்டர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, பிடிஓ எனப்படும் புது அடுக்குமாடி வீவக வீட்டின் சாவி வாங்கியதும் வந்து அளவெடுத்துப் போகிறவர். சமையலறைக் கேபினெட், துணி அலமாரி, டிவி கன்சோல். பெரும்பாலும் பிளைவுட்டும் லேமினேட்டும். நிறைய ஒப்பந்தக்காரர்கள் இவற்றை மலேசியாவின் ஜோகூர் பாருவில் அறுத்து, ஒட்டி, லாரியில் கொண்டுவந்து இங்கே பொருத்துகிறார்கள். அங்கே வாடகையும் கூலியும் குறைவு. அந்த விலைக்கு இங்குள்ள சிறு பட்டறை செய்து கொடுக்க முடியாது, முயலவும் கூடாது. இப்படிப்பட்ட பட்டறைகள் இங்கே பிழைத்திருப்பது, ஒரு வாடிக்கையாளருக்கென்றே முழு மரத்தில் செய்யும் ஒற்றைச் சாமான்களாலும் பழைய சாமான்களைச் சீர்செய்யும் வேலையாலும்தான். மகள் சேரப்போகும் இடம் எந்த வகை என்பதை முதலில் கேளுங்கள். கேபினெட் பொருத்தும் இடமென்றால் அதுவும் நேர்மையான வேலைதான். ஆனால் அவர் கற்க நினைப்பதை அங்கே கற்க முடியாது.

சீர்செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பெரியவர்கள் மிகக் குறைவாக மதிப்பது இதைத்தான். தாத்தா வாங்கிய தேக்கு நாற்காலி ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெரியாதவர் இரண்டு ஸ்க்ரூ அடித்து இறுக்கிவிடுவார். கொஞ்ச நாளில் அந்த இடமே பிளந்துவிடும். தெரிந்தவர் மூட்டைக் கழற்றிப் பார்ப்பார். பழங்காலச் சாமானில் விலங்குப் பசை போட்டிருந்தால் சூடும் ஈரமும் பட்டதும் இளகிவிடும், மரத்துக்குச் சேதம் வராது. பழைய பசையைச் சுரண்டி, நாக்கு என்று சொல்லும், துளைக்குள் நுழையும் முனை தேய்ந்திருந்தால் அதைப் பருமனாக்கி, துளையில் மறுபடி பொருத்துவார். மேல்பூச்சு எது என்று பார்க்க, கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைப்பார். பூச்சு பிசுபிசுத்தால் அது ஷெல்லாக், அதாவது அரக்கு. மரத்தை மொட்டையாகத் தேய்க்காமலேயே அதைப் புதுப்பிக்க முடியும். தேய்த்தே தீர வேண்டும் என்று நினைப்பவர் ஐம்பது வருடத்தில் ஏறிய நிறத்தை ஒரே மதியத்தில் அழித்துவிடுவார். பிரம்பு பின்னிய இருக்கை என்றால் அது தனி வித்தை. அதைச் செய்யத் தெரிந்த கைகள் இங்கே குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு நாள் மகளைக் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் கூட்டிப் போய், அங்கிருக்கும் செட்டிநாட்டு மர வாசலைக் காட்டுங்கள். அவருடைய அப்பாவும் வந்தால் நல்லது. அந்த வேலைப்பாட்டைப் பார்த்த பிறகு தச்சு என்பது படிக்காதவர் வேலை என்று சொல்ல மனம் வராது.

புதிதாகச் செய்வதிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அதே வீட்டுக்குள் இரவெல்லாம் ஏர்கான் ஓடும், காலையில் ஜன்னல் திறக்கும். முழு மரப் பலகை அதற்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும். மேசைப் பலகையைச் சட்டத்தோடு அசையாதபடி இறுக்கினால் அது வளையும், இல்லையென்றால் வெடிக்கும். அது நகர இடம் விட்டு, நீள்துளையில் ஸ்க்ரூ போட வேண்டும். கல்லூரியில் கணினியில் வரைந்து பழகியவருக்கு இது புதுப் பாடம். வரையவும் தெரிந்து மரத்தின் குணமும் தெரிந்தவர் பட்டறையில் சீக்கிரம் மேலே வருவார்.

சந்தை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ரோஜர் அண்ட் சன்ஸ் என்ற உள்ளூர்ப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா விட்டுச்சென்ற தொழிலை மூன்று சகோதரர்கள் எடுத்து நடத்தி, இங்கே வெட்டப்படும் மரங்களை வீணாக்காமல் மேசையும் பெஞ்சுமாக ஆக்கிப் பெயர் வாங்கினார்கள். வேலை தெரிந்தவர்கள் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குதான். மரம், பசை, எண்ணெய் 900 வெள்ளி, மேசையை 1,800-க்கு விற்றாயிற்று என்று வையுங்கள். செய்ய 45 மணி நேரம். மணிக்கு 20 வெள்ளி கிடைத்ததாகத் தோன்றும். வாடிக்கையாளரோடு பேசியது, படம் திருத்தியது, மரம் வாங்கப் போனது, கொண்டுபோய் இறக்கியது என்று இன்னும் 15 மணி நேரத்தைச் சேருங்கள், 15 வெள்ளிதான். வாடகை, மின்சாரம், லாரி, வாள்தகடு இன்னும் கழிக்கவே இல்லை. உழைப்புக்கு மணிக்கு 40 வெள்ளி வேண்டுமென்றால் 3,300 கேட்டிருக்க வேண்டும், வாடகை அதற்கும் மேலே. அந்தத் தொகையை வாய்விட்டுக் கேட்கிற தைரியமும், ஏன் அவ்வளவு என்று விளக்கும் பேச்சும், மூட்டுப் போடுவதைப் போலவே கற்க வேண்டிய திறன்கள்.

அதனால் என் கருத்து இதுதான்: மகள் வேலைக்குப் போகட்டும், சொந்தப் பட்டறை இப்போது வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இந்தத் தூசும் சத்தமும் வைத்துத் தொழில் செய்ய முடியாது. தொழிற்பேட்டையில் இடம் எடுத்தால் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை போகும். சம்பளத்துக்கு இருந்தால் மத்திய சேம நிதிக்கு முதலாளி 17 விழுக்காடு போடுவார், பிற்பாடு வீடு வாங்க அது உதவும். சொந்தத் தொழிலில் அந்தப் பங்கு கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் அவரேதான் கட்ட வேண்டும். மூன்று வருடமாவது இன்னொருவர் இயந்திரத்தில், இன்னொருவர் வாடகையில் கற்றுக்கொள்ளட்டும்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் பயம் சரியானதே. ஆனால் அது பெண் என்பதால் வருகிற ஆபத்து இல்லை. பாரம் தூக்கத் தள்ளுவண்டியும் இன்னொரு ஆளும் போதும். விரலுக்கும் மூச்சுக்கும்தான் ஆபத்து. டேபிள் சா என்னும் மேசை வாள் இயந்திரத்தில் பலகை சிக்கினால் அறுப்பவரை நோக்கியே எகிறும். அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் தடுக்க வாளுக்குப் பின்னால் ஒரு தகடு உண்டு. அதைக் கழற்றி வைத்திருக்கும் பட்டறை எனக்குப் பிடிக்காது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் வகைப்படுத்தியது, முக்கியமாக மூக்கு, சைனஸ் பகுதிகளுக்கு. எனவே தூசு உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா, ஆட்கள் முகக்கவசமும் காதடைப்பும் போடுகிறார்களா என்று பாருங்கள். மரத்துக்குப் பூசும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்திருந்தால், அந்த முதலாளிக்கு விஷயம் தெரியும்.

சேருவதற்கு முன் ஒரு வாரம் அங்கே இருந்து பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தேய்ப்புத்தாளும் துடைப்பமும்தான் கையில் கொடுப்பார்கள். முதல் ஆறு மாதமும் ஏறத்தாழ அப்படித்தான் போகும். அந்த வாரக் கடைசியில் களைத்து வந்த மகள் இன்று எந்த மரம், எந்த மூட்டு என்று பேசினால் விடுங்கள், போகட்டும். படம் எடுத்துப் போட்டதைப் பற்றி மட்டும் பேசினால் இன்னும் யோசிக்கலாம்.

அப்புறம், முதலாளியிடம் மகளே கேட்க வேண்டியவை: எத்தனை மாதத்தில் இயந்திரம் தொட விடுவீர்கள், யார் சொல்லிக் கொடுப்பார்கள், வாடிக்கையாளர் சந்திப்புக்குக் கூட வரலாமா, விலை போடும்போது பக்கத்தில் உட்காரலாமா. உடலுழைப்பு வேலை என்பதால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வேலையிடக் காயத்துக்கான காப்புறுதியை முதலாளி எடுத்தே ஆக வேண்டும், அதையும் தயங்காமல் கேட்கட்டும். சேர்ந்த 14 நாளுக்குள் சம்பளம், வேலை நேரம், விடுப்பு போன்ற முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அந்தத் தாள் கைக்கு வந்ததும் புரியாத இடம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.